இந்த முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா?

மாணவர்களின் மனநலத்தைக் காப்பாற்ற நான் சென்னைக்குப் போகிறேன் என்று சொன்னபோது என் மனைவி சிரித்த சிரிப்பில், பக்கத்து வீட்டுச் சீனர் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். ஈப்போவில் எங்கள் வீடுகள் அவ்வளவு நெருக்கம். அவள் சிரித்ததில் தவறில்லை. நான் கல்யாண மண்டபங்களிலும் பேரங்காடிகளிலும் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களின் மூக்கைப் பெரிதாக்கிக் கொடுத்துப் பிழைக்கிறவன். கேலிச்சித்திரக்காரன். என் எதிரில் உட்காரும்போது இருக்கிற மனநலம் எழுந்து போகும்போது யாருக்கும் முழுதாக இருப்பதில்லை.

அழைத்தவர் பேராசிரியர் வசந்தி. அடையாறு பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் உளவியல் சொல்லித்தருகிறார். எந்தப் பல்கலைக்கழகம் என்பது வேண்டாம். நடந்த தவறு முழுக்க என்னுடையது, அதில் யாருக்கும் பங்கு கொடுக்க எனக்கு மனமில்லை. ஈப்போவுக்கு ஒரு கல்யாணத்துக்காக வந்திருந்தபோது அவரை வரைந்தேன். தாடையைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டேன். கோபிக்காமல் சிரித்தார்.

"எங்க கேம்பஸ்ல மனநல வாரம் நடத்தப்போறோம். லெக்சர் வச்சா பசங்க தூங்கிடறாங்க. நீங்க வந்து சுவத்துல வரைங்க. சிரிச்சா வாய் திறக்கும், வாய் திறந்தா பேச்சு வரும்" என்றார்.

வாயைத் திறந்தால் பேச்சு வருமென்றால் பல் டாக்டரே போதுமே என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. டிக்கெட் அவர்களே எடுத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு லாட்ஜ். முதல் நாள் காலை கீழே இருந்த மெஸ்ஸில் போய், "பசியாறணும், என்ன இருக்கு?" என்று கேட்டேன். மலேசியாவில் காலை உணவுக்கு அப்படித்தான் சொல்வோம். பரிமாறுகிறவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இட்லி சாப்ட்டா பாதி ஆறும் சார். பொங்கல் சாப்ட்டா முழுசா ஆறும்." பொங்கல் சாப்பிட்டேன். ஆறியது மட்டுமல்ல, மத்தியானம் வரை திரும்பி வரவே இல்லை.

காப்பிதான் சிக்கல். எங்கள் ஊரில் ஒரு கோப்பைக் காப்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அரசாங்கத்தையே கவிழ்த்துவிட்டு எழுந்திருக்கலாம். இங்கே டம்ளரை வாயில் வைக்கும்போதே என் தோளுக்குப் பின்னால் ஒருவர் என் நாற்காலிக்காக வந்து நின்றுவிட்டார். என் கடைசி மடக்கை அவர் என்னைவிட அக்கறையாகக் கவனித்தார்.

ஆட்டோவில் ஏறினேன். ஓட்டுநர் கண்ணாடியிலேயே என்னை அளந்தார்.

"இன்னா சார், சிங்கப்பூரா?"

"மலேசியா."

"எல்லாம் ஒரே ஏரியாதான் சார். குந்து."

லஸ் பக்கம் மெட்ரோவுக்காகத் தோண்டியிருந்தார்கள். ஒரே பிள்ளையாரை மூன்று தெருக்களிலிருந்து தரிசித்தேன். "நேத்து வந்த வழி இன்னைக்கு இல்ல சார். தோண்டிக்கினே கீறாங்க" என்றார் ஓட்டுநர். எதற்கு வந்தேன் என்று கேட்டார். மாணவர்களின் மனசு நன்றாக இருப்பதற்காகச் சுவரில் படம் வரைய வந்திருக்கிறேன் என்றேன். சிறிது நேரம் ஹாரன் மட்டும் பேசியது. பிறகு சொன்னார்: "வேலைய முடிச்சுட்டு வரச்சொல்லோ, லஸ் சிக்னல்ல எங்களுக்கும் ஒண்ணு வரைஞ்சுட்டுப் போ சார்."

கேன்டீனுக்கு எதிரே இருந்தது என் சுவர். நீளமான, வெள்ளையடித்த சுவர். அதற்குப் பக்கத்தில் மனநல ஆலோசனை சொல்லும் கவுன்சிலரின் அறை. அந்த அறைக்கு யாரும் போவதில்லை. போகிறவரைக் கேன்டீன் முழுக்கப் பார்க்கும் என்பது காரணம். கேன்டீன் வாசலில் ஒரு செவலை நாய் படுத்திருந்தது. அந்த வளாகத்திலேயே கவலையில்லாத உடம்பு அதற்குத்தான். அத்தனை கொழுப்பு.

சுவருக்கு மேலே கட்டுவதற்கு ஒரு தட்டி வேண்டும் என்றார் வசந்தி. "வெட்கப்பட ஒன்றுமில்லை. பேசுங்கள்" என்று கொட்டை எழுத்தில் நானே எழுதினேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

மனசில் இருப்பதை வரையுங்கள் என்று மாணவர்களிடம் தூரிகையைக் கொடுத்தோம். சாயங்காலத்துக்குள் சுவரில் நிறைய இதயங்களும், ஒரு கிரிக்கெட் மட்டையும், மிகுந்த ஈடுபாட்டோடு வரையப்பட்ட ஒரு தட்டு பிரியாணியும் சேர்ந்திருந்தன. பிரியாணியை வரைந்த பையனிடம், "தம்பி, மனசுல இருக்கிறதை வரையச் சொன்னோம்" என்றேன். "இதுதான் சார் இருக்குது" என்றான். லெக் பீஸை மட்டும் நான் கொஞ்சம் திருத்திக் கொடுத்தேன்.

மறுநாள் வசந்தி கவலையோடு வந்தார். "இப்படியே விட்டா இது மெனு கார்டு ஆயிடும். நடுவுல நீங்க பெருசா ஒரு முகம் வரைங்க. சோர்வுன்னா இப்படி இருக்கும்னு. அதைப் பாத்துட்டுப் பேச ஆரம்பிப்பாங்க."

எனக்கு ஒரு ஊனம் உண்டு. இல்லாத முகத்தை என்னால் வரைய முடியாது. மற்ற ஓவியர்கள் கண்ணை மூடினால் முகங்கள் தோன்றுமாம். நான் கண்ணை மூடினால் தூங்கிவிடுவேன். என் கைக்குச் சொந்தக்காரர் உள்ள முகம் வேண்டும். எனவே கேன்டீனுக்குப் போய் ஒரு லெமன் சோடாவோடு உட்கார்ந்து, முகம் தேடினேன்.

மூலை மேசையில் ஒரு பெண் தனியாக இருந்தாள். எதிரே திறந்த எவர்சில்வர் டப்பா. அதில் எலுமிச்சை சாதம். அவள் அதைப் பார்க்கவில்லை, சுவரில் ஓடிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விசிறி இந்தப் பக்கம் திரும்பும்போது முடி பறந்தது. அதை அவள் ஒதுக்கவும் இல்லை. வீங்கிய கீழிமை, உதட்டோரம் ஒரு சின்ன இறக்கம். அடடா என்றிருந்தது எனக்கு. இந்த 'அடடா'வை எத்தனை தடவை நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. கையைத் துடைக்கக் கொடுத்த காகிதத்திலேயே வரைந்துகொண்டேன். அவளிடம் கேட்கவில்லை. கல்யாண வீட்டில் யார் கேட்கிறார்கள்? எதிரே வந்த மூக்கு என் மூக்கு, அதுதான் என் தொழில் தர்மம்.

மத்தியானமே சுவரில் ஏற்றினேன். ஆள் உயர முகம். இமைக்குக் கீழே பலாக்கொட்டை மாதிரி வீக்கம், மூக்கு வழக்கம்போலத் தாராளம். பக்கத்தில் மகிழ்ச்சிக்கு அடையாளமாக அந்தச் செவலை நாயையும் போட்டேன். முகத்துக்குக் கீழே பெரிதாக எழுதினேன்: 'இந்த முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா?' கண்ணாடியில், நண்பனிடத்தில் பார்த்ததுண்டா என்ற அர்த்தத்தில்தான் கேட்டேன். சுவரோ ரயில் நிலையத்தில் போலீஸ் ஒட்டுகிற நோட்டீஸ் மாதிரி கேட்டது. பதில் எழுத வசதியாகக் கீழே வண்ணக் கிண்ணங்களையும் வைத்துவிட்டு லாட்ஜுக்குத் திரும்பினேன். அன்றைக்கு அடைதோசை சாப்பிட்டு நன்றாகத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் சுவருக்கு முன்னால் கூட்டமென்றால் கூட்டம். வசந்திக்குக் கண் பனித்தது. "பாருங்க, பேசறாங்க!" பேசத்தான் பேசினார்கள். ஒரு பையன், "மச்சி, அச்சு அசல்டா" என்றான். பாராட்டு என்று நினைத்து நான் தலை குனிந்து வணங்கினேன். செல்ஃபி கேட்டார்கள், நின்றேன். விரலால் வெற்றிக் குறிகூடக் காட்டினேன். அதன் பிறகுதான் கீழே எழுதியிருந்த பதில்களைப் படித்தேன்.

'பார்த்திருக்கிறேன். எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, செகண்ட் இயர்.'

'தினமும் லன்ச்சில்.'

'ஸ்டெல்லாவா?'

'ஸ்டெல்லாவேதான்.'

பின்னாலிருந்து யாரோ, "டேய், ஒரிஜினல் வருதுடா" என்றார்கள். கூட்டம் வழிவிட்டது. கையில் அதே எவர்சில்வர் டப்பாவோடு அவள் வந்தாள். படத்தைப் பார்த்தாள். பதில்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். அசலையும் நகலையும் ஒரே இடத்தில் அப்போதுதான் நானும் பார்த்தேன். நகலில் ஒரு குறையில்லை. எனக்குக் கொஞ்சம் குறைவாக வரையத் தெரிந்திருக்கக் கூடாதா என்று முதல் முறையாகத் தோன்றியது.

"நீங்களா வரைஞ்சீங்க?"

"ஆமாம்மா..."

"நல்லா இருக்கு சார்" என்றாள். டப்பாவைத் திண்டில் வைத்துவிட்டுப் போனாள். திரும்ப வந்து எடுப்பாள் என்று காத்திருந்தேன். வரவில்லை. டப்பாவை நான் லாட்ஜுக்குக் கொண்டுபோனேன். திறந்தால் சாதம் கட்டினது கட்டினபடி இருந்தது. எலுமிச்சை சாதம் கெட்டுவிட்டால் டப்பாவில் வாடை தங்கிவிடும் என்று, நானே கொட்டி நானே கழுவிவைத்தேன்.

மறுநாள் ஸ்டெல்லா வரவில்லை. அவளுடைய அம்மாவிடமிருந்து போன் வந்தது. பேராசிரியர் வசந்தி நிதானத்தில் இருக்கும்போது எல்லாரையும்போலப் பேசுவார். கோபம் வந்தால் வீட்டுத் தமிழ் வந்துவிடும்.

"என்ன காரியம் பண்ணிட்டு வந்து நிக்கறேள்? அந்தப் பொண்ணோட அம்மா பட்டினப்பாக்கத்துல மீன் விக்கறா. யாரோ போன்ல படத்தைக் காமிச்சிருக்கா. 'எம்பொண்ணு பைத்தியம்னு செவுத்துல எழுதிட்டீங்க, படிச்சது போதும்'ங்கறா. இன்னும் ஒரு செமஸ்டர்தான் இருக்கு அவளுக்கு! நாளைக்குக் கவுன்சிலரை அழைச்சுண்டு நான் போறேன். நீங்க தயவுபண்ணி எங்கயும் போகாதேள்."

ஒரு ஆளை விட்டு அந்த முகத்தின் மேல் வெள்ளையடிக்கச் சொன்னார். முகம் ஒரே பூச்சில் போகவில்லை. இரண்டாவது பூச்சு வரை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எங்கேயும் போகாதே என்று சொன்னால் கேட்கிறவனா நான்? மன்னிப்புக் கேட்க வெறுங்கையோடு எப்படிப் போவது என்று முதலில் தியாகராய நகர் போனேன். எங்கள் ஊரில் தீபாவளிக்கு முதல் நாள்தான் அப்படி ஒரு கூட்டம் பார்க்கலாம். இங்கே சாதாரண நாளிலேயே, நடக்க வேண்டியதில்லை. நின்றால் போதும், கூட்டமே கடைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. புடவை மாடியில் திருநெல்வேலிப் பேச்சுக்காரர் ஒருவர் நின்றார்.

"வாங்கண்ணாச்சி. என்ன விசேசத்துக்கு எடுக்கிய?"

"மன்னிப்புக் கேட்கிறதுக்கு."

அவர் அசரவில்லை. "வீட்டம்மாட்டயா?"

"இல்லை, வேறொரு அம்மாவிடம்."

"அப்ப பட்டு வேண்டாம், வெவகாரமாயிரும். காட்டன்ல காட்டுதேன்" என்று நீலத்தில் ஒன்றை விரித்தார். என் வாழ்க்கையில் ஒரு கடைக்காரர் எனக்குச் சொன்ன நல்ல யோசனை அது. கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பேருந்தில் ஏறியபிறகுதான் நடத்துநர், "பட்டினப்பாக்கம் இது போவாது. லைட் ஹவுஸாண்ட எறங்கி நடந்துக்கோ" என்றார். இறங்கிக் கடலோரமாக நடந்தேன். ஒரு கையில் புடவைப் பை, இன்னொன்றில் டப்பா. நொச்சிக்குப்பத்தில் படகுகளுக்கு இந்தப் பக்கம் வரிசையாக மீன். ஒரு பெண்மணியிடம் வழி கேட்டேன். "வயி சொல்றேன் நைனா, மொதல்ல இந்த வஞ்சிரத்தப் பாரு. கண்ணு எப்பிடி முழிச்சிக்கினு கீது பாரு!" வாங்கிய பிறகுதான் வழி கிடைத்தது. மீன்காரப் பெண்மணியிடம் மன்னிப்புக் கேட்க, போட்டிக் கடை மீனோடு போகிற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். அது எனக்கு உறைத்தபோது பட்டினப்பாக்கம் வந்துவிட்டது.

ஸ்டெல்லாவின் அம்மா பிலோமினா கடையை எடுத்துவைத்துவிட்டு வீட்டு வாசலில் அரிவாள்மணையைக் கழுவிக்கொண்டிருந்தார். வலுவான கைகள். நான் யாரென்று சொன்னதும் கழுவுவதை நிறுத்தினார். அரிவாள்மணையைக் கீழே வைக்கவில்லை, அது கையிலேயே இருந்தது.

"நீதானா அது! இன்னாய்யா, எம்பொண்ணு மூஞ்சிதான் கெட்ச்சுதா உனுக்கு?"

நான் புடவையை நீட்டினேன்.

"பொடவை எதுக்கு? நீ இன்னா பொண்ணு பாக்கவா வந்தே? அது இன்னா பையி, மீனா? எங்க வாங்குனே?"

"நொச்சிக்குப்பத்தில்."

செவுளைத் தூக்கிப் பார்த்தார். "உன்னிய மாரி நாலு பேரு இருந்தா இத்த வித்தவ மாடி வூடு கட்டிடுவா."

அக்கம்பக்கத்துப் பெண்கள் சிரித்துக்கொண்டே வந்து நின்றார்கள். ஒரு நீலப் பிளாஸ்டிக் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார் பிலோமினா. கதவோரம் ஸ்டெல்லா நின்றாள். நான் டப்பாவைக் கொடுத்தேன். பிலோமினா அதைத் திறந்து முகர்ந்தார்.

"யாரு கயுவுனது?"

"நான்தான்மா."

"சாப்ட்டிருந்தாளா?"

ஒரு நொடிதான். அந்தக் கூட்டம், அந்த அரிவாள்மணை, கதவோரத்து முகம். "ஒரு பருக்கை மிச்சமில்லை" என்றேன்.

பிலோமினாவின் தோள் தளர்ந்ததைப் பார்த்தேன். அது எனக்குப் பிடித்திருந்தது. மேலே போனேன். "விடியற்காலையில உங்களோட எழுந்து மீன் எடுக்கப் போகுமே, அந்தத் தூக்கம்தான்மா அந்தக் கண்ணுல. வேற ஒண்ணும் கிடையாது. மனசுல ஒரு குறை இல்லை. நான் தூக்கத்தைத் தப்பா வரைஞ்சுட்டேன். வேணும்னா சத்தியம் பண்றேன்." மாதா படத்தைப் பார்த்துக் கையை உயர்த்திச் சத்தியமும் செய்தேன்.

"அதான் நான் சொன்னேன்ல! நம்ம பொண்ணுக்கு அதெல்லாம் எதுக்கு வருது?" என்றார் பக்கத்து வீட்டு ரோசி. படத்தைப் போனில் காட்டியவரும் அவர்தான். பிறகு நான் என் கடையை விரித்தேன். ரோசியை வரைந்தேன், அவர் மாமியாரை வரைந்தேன், என்னையே கத்தரிக்காய் மூக்கோடு வரைந்தேன். சந்தே சிரித்தது. "சரி போ, திங்கக்கெயமைலேர்ந்து காலேஜு போவட்டும்" என்றார் பிலோமினா. எனக்கு டீ வந்தது. பத்து கல்யாணத்தில் வராத கைதட்டல் அன்றைக்கு எனக்கு.

"சாரை ரோட்டாண்ட வுட்டுட்டு வா" என்று மகளை அனுப்பினார். ஸ்டெல்லா கூட வந்தாள். எல்லாம் சுபமாக முடிந்தது என்கிற மிதப்பில் நான்தான் பேசிக்கொண்டே வந்தேன். வலை குவித்திருந்த இடத்தில் அவள் நின்றாள்.

"சார், எனக்கு ஒண்ணுமில்லன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டீங்க."

"ஆமாம்மா. இனிமே ஒரு பிரச்னையும் இல்லை."

"இனிமே நான் யார்கிட்ட சார் சொல்றது?"

எனக்குப் புரியவில்லை. புரியாத முகத்தோடு சிரித்துக்கொண்டு நின்றேன்.

"மழைக்காலத்துலேர்ந்தே இப்படித்தான் கீது சார். தூக்கம் இல்ல. சோறு எறங்க மாட்டேங்குது. டப்பாவத் தொறப்பேன், மூடுவேன். தெனைக்கும் அந்த நாய்க்குத்தான். அந்த ரூமுக்குப் போலாம்னு எத்தினியோ வாட்டி கேன்டீன்ல வந்து குந்துவேன். எல்லாம் பாக்குமேன்னு திரும்பிடுவேன். செவுத்துல பாத்தப்ப மானம் போச்சுன்னு இருந்துச்சு. ஆனா வூட்டுக்கு வந்து படுத்தா... பரவால்ல, யாரோ ஒரு ஆளுக்கு நம்ம மூஞ்சி தெரிஞ்சிருக்கேன்னு இருந்துச்சு. நல்லா இருக்குன்னு சொன்னேன்ல, நெசமாத்தான் சொன்னேன். இன்னைக்கு அம்மாகிட்ட சொல்லிடலாம்னு இருந்தேன். நீங்க வந்து சத்தியம் பண்ணிட்டீங்க. டப்பா வேற காலின்னுட்டீங்க."

அந்த இடத்தில் என்ன வேடிக்கை சொல்வதென்று என் வாய் தேடியது. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. டப்பாவை நானே கொட்டினேன், அந்தத் தட்டியையும் என் கையாலேயே எழுதினேன். வெட்கப்பட ஒன்றுமில்லை என்று எழுதிய அதே கை, அந்தச் சோர்வு ஒரு திருட்டுக் குற்றம் மாதிரியும் நான் அவளை விடுதலை செய்ய வந்த வக்கீல் மாதிரியும் மாதாவுக்கு நேராக உயர்ந்தது. அவளை வரைந்தது ஒரு தப்பு. அந்தச் சோர்வையே இல்லையென்று அழித்தேனே, அது பெரிய தப்பு.

"நான் திரும்பப் போய் உங்க அம்மாகிட்ட உண்மையைச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். ஊரைவிட்டுக் கிளம்பியதிலிருந்து ஒரு மனிதரிடம் நான் அனுமதி கேட்டது அதுவே முதல்.

அவள் கடலைப் பார்த்துக்கொண்டு யோசித்தாள். "நான் சொல்றேன். நீங்க கூட நில்லுங்க. ஜோக் அடிக்காதீங்க."

திரும்பிப் போனோம். பெண்கள் இன்னும் என் படங்களை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். "இன்னா நைனா, எதுனா மறந்துட்டியா?" என்றார் ரோசி. ஸ்டெல்லா வாயைத் திறந்ததும் பிலோமினா அவள் முகத்தைப் பார்த்தார். உடனே மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "எல்லாம் அவங்கவங்க வூட்டுக்குப் போங்கடி. சர்க்கஸா காட்றாங்க இங்க?"

அவள் சொன்னாள். என்னிடம் சொன்னதைவிடக் குறைவாகத்தான் சொன்னாள், ஆனால் சொன்னாள். பிலோமினா அரிவாள்மணையைத் தள்ளிவைத்தார். பிறகு கேட்டார்.

"சோத்த நாய்க்கா போட்டே?"

"ஆமாம்மா."

"தெனைக்குமா?"

"ம்."

அவர் அந்தக் காலி டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்துக்கொண்டே என்னிடம் பேசினார். "நீ இன்னாத்துக்குய்யா சத்தியம் பண்ணே?"

"பயந்துட்டேன்மா."

"மாதா மேலயே பொய்யா?" அவ்வளவுதான். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சற்றுக் கழித்து, "அந்த டீச்சரம்மா நாளைக்கு வருதுன்னாங்க. வரவேணாம்னு சொல்லிடு. நாங்களே போறோம்" என்றார்.

கடைசி நாள். சாயங்காலம் எனக்கு விமானம். கவுன்சிலர் அறையின் கதவு மூடியிருந்தது, ஸ்டெல்லா உள்ளே இருந்தாள். வெளியே சிமென்ட் பெஞ்சில் ஒரு முனையில் பிலோமினா, மறுமுனையில் நான், நடுவில் டப்பா. கோயிலுக்குக் கட்டுகிற புடவையில் வந்திருந்தார். என் புடவையை அவர் கையால்கூடத் தொடவில்லை. அது இப்போது ஈப்போவில் என் மனைவியின் அலமாரியில் இருக்கிறது. திடீரென்று ஏன் புடவை என்று அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இதைப் படித்தால் தெரிந்துகொள்வாள். வசந்தி ஒருமுறை வந்து எங்களைப் பார்த்துவிட்டு, பேசாமல் இரண்டு டீ மட்டும் அனுப்பினார். நான் பட்டினப்பாக்கம் போனது அவருக்குத் தெரிந்திருந்தது. திட்டுவதற்கு எந்தத் தமிழும் அவருக்குப் போதவில்லை போலிருக்கிறது.

எதிரே சுவர். இதயங்கள், மட்டை, பிரியாணி. நடுவில் ஒரு பெரிய வெள்ளைத் திட்டு. அதற்குப் பக்கத்தில் நான் வரைந்த நாய்.

"அங்கதான் கீதா அது?" என்று கேட்டார் பிலோமினா.

"அங்கேதான் இருந்தது. வெள்ளையடிச்சுட்டாங்க."

"நான் சரியாப் பாக்கல. ரோசி போன்ல காட்டச் சொல்லோ கோவத்துல தட்டி வுட்டுட்டேன்." வெள்ளைத் திட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெனம் கூடத்தான் கெடக்கறா. எனுக்குத் தெரியாத மூஞ்சியாமே அது. வரைஞ்சு காட்டு, பாக்கறேன்."

என் சட்டைப் பையில் பென்சில் இருந்தது. அந்த முகம் என் விரலில் அப்படியே இருந்தது. கண்ணை மூடிக்கொண்டுகூட வரைந்திருப்பேன். பென்சிலை எடுத்தேன். டீக்கு வந்த காகிதத்தை மடித்து முழங்காலில் வைத்தேன்.

"அவளைக் கேட்கணும்மா" என்றேன்.

"இப்பதான் கேக்கத் தோணுதா உனுக்கு?"

நான் பென்சிலைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். கேன்டீனிலிருந்து வந்தவர்கள் மூடிய கதவையும் எங்களையும் பார்த்துக்கொண்டே போனார்கள். பார்க்கிற ஒவ்வொருவரையும் பிலோமினா திரும்ப ஒரு பார்வை பார்த்தார், மீனுக்கு விலை குறைத்துக் கேட்டவரைப் பார்க்கிற பார்வை. இரண்டு மூன்று பேருக்குப் பிறகு யாரும் இந்தப் பக்கம் தலை திருப்பவில்லை.

கதவு திறந்தது. ஸ்டெல்லாவின் கண் சிவந்திருந்தது. அம்மா எழுந்திருக்கவில்லை, தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார். அவள் உட்கார்ந்ததும் நான் கேட்டேன். "உங்க அம்மா அந்தப் படத்தைப் பார்க்கணும்கிறாங்க. வரையலாமா?"

அவள் காகிதத்தைப் பார்த்தாள், வெள்ளைத் திட்டைப் பார்த்தாள். "இன்னைக்கு வேணாம் சார்."

பென்சிலைப் பைக்குள் போட்டேன். பிலோமினா டப்பாவைத் திறந்தார். எலுமிச்சை சாதம் இல்லை, சுடுசோறும் மீன் குழம்பும். நொச்சிக்குப்பத்து வஞ்சிரமா என்று கேட்க நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டேன்.

"பசிக்குதா?"

"பசியில்லம்மா." டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "சாப்ட்டுப் பாக்கறேன்."

முதல் வாயை அவள் எடுத்தபோது கேன்டீன் வாசலில் படுத்திருந்த செவலை நாய் எழுந்தது. உடம்பைக் குலுக்கிக்கொண்டு, தன் நேரம் வந்துவிட்டது என்கிற நிச்சயத்தோடு நடந்து வந்து, பெஞ்சுக்கு முன்னால் வழக்கமான இடத்தில் நின்று வாலை ஆட்டியது.

பிலோமினா அதை மேலிருந்து கீழே பார்த்தார். "நீதானாடா அது?" என்றார். "போ. இன்னைக்கி உனுக்குக் கெடையாது."

நாய் போகவில்லை. ஸ்டெல்லாவைப் பார்த்தது, டப்பாவைப் பார்த்தது, கடைசியில் என்னைப் பார்த்தது. நான் என் வெறுங்கையை விரித்துக் காட்டினேன்.